லாத்வியா விமானத்துக்கு ஆயுத பூஜை

எனக்கு எழுதத் தெரியாது. பர்மியப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு, கோயில் வகுப்பில் கொஞ்சம் தமிழ், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். லாத்வியா என்ற நாட்டின் விமானங்களைப் பற்றி எங்கள் ரங்கூன் தெருவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால்தான் துணிந்தேன்.

அம்மாவின் தம்பிக்குக் கப்பலில் வேலை. எனக்கு ஒன்பது வயதில், ரொம்ப நாள் கழித்து வந்தவர், லாத்வியாத் துறைமுகத்தில் யாரோ கொடுத்த படப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாம் போர்விமானங்கள். முதல் பக்கங்களில் இறக்கைமேல் வெள்ளை வட்டம், அதற்குள் சிவப்பு ஸ்வஸ்திகா.

"பார்த்தீங்களா அக்கா, நம்ம பிள்ளையார் அங்கேயும் போயிருக்கார்!"

அந்த ஊரில் அதற்கு நெருப்புச் சிலுவை என்று பெயராம். பிறகு ரஷ்யர்கள் வந்து நாட்டை எடுத்துக்கொண்டார்கள். சிலுவை போய்ச் சிவப்பு நட்சத்திரம் வந்தது. அவர்கள் போன பிறகு வேறொரு அடையாளம். அந்தக் கடைசிப் பக்கம்வரை நான் போகவில்லை. எனக்கு நட்சத்திரம் போதும். மாமா தேக்குத் துண்டில் விமானம் செதுக்கிக் கொடுத்தார். இரண்டு இறக்கையிலும் நானே நட்சத்திரம் வரைந்தேன்.

கடலில் இருந்த மாமாவுக்கு ஊர் நிலவரம் தெரியாது. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் சிவப்பு நட்சத்திரம் என்றால் பட்டாள ஆட்சி தேடிக்கொண்டிருந்த கம்யூனிஸ்டுகள். சட்டையில் நட்சத்திரம் இருந்ததற்காகப் பின்தெருவில் ஒருவரை அழைத்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. இதையெல்லாம் குழந்தைகள் காதில் போடுவதில்லை.

ஆயுத பூஜை சாயங்காலம். அப்பாவின் தையல் கத்தரிக்கோல், அரிவாள்மணை, என் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் அம்மா பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். நான் விமானத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன். அப்போதுதான் அம்மா அதைச் சரியாகப் பார்த்தாள்.

"என்னடி இது?"

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். தெரிந்தவர்கள் கீழே தொங்கும் மணிக்கயிற்றை இழுப்பார்கள். இழுக்காமல் ஏறி வருகிறவர்கள் வேறு.

அம்மா குழைத்த குங்குமத்தை அள்ளி இரண்டு நட்சத்திரங்களின்மேலும் வட்டமாக அப்பினாள். அதன்மேல் குறுக்கே விபூதியைப் பட்டையாக இழுத்தாள். நான் அழ வாயெடுப்பதற்குள் வார்டுத் தலைவரும் ஒரு சிப்பாயும் உள்ளே நின்றார்கள்.

விருந்தாளி யார் என்று பார்க்க வந்ததாகத் தலைவர் பர்மியத்தில் சொன்னார். மாமா கடவுச்சீட்டை நீட்டினார். சிப்பாய் நேரே விமானத்தை எடுத்தான்.

"இங்கே விமானம் ஓட்டுவது யார்?"

"தம்பியின் கப்பலைத்தான் வைத்திருக்கணும், ஸயா. மாடி ஏறவில்லை" என்றாள் அம்மா.

அவன் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் இறக்கையைத் தேய்த்தான். ஈரக் குங்குமம் விலகி, நட்சத்திரத்தின் ஒரு முனை தெரிந்தது. போகவில்லை, இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். சொல்ல வாய் திறந்தேன். மாமாவின் கை என் தோளை வலிக்க அழுத்தியது.

"பூஜையில் வைத்ததை நாளைக் காலைவரை நாங்களே தொட மாட்டோம், ஸயா" என்றாள் அம்மா.

தலைவர் சரஸ்வதி படத்தைப் பார்த்தார். பர்மியப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன் கும்பிடும் துரதாடியும் அவள்தான். அவர் செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் தள்ளினார்.

"வை அதை. என் மகளுக்குப் பரீட்சை வருகிறது."

அவர்கள் இறங்கிப் போன பிறகு அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவள் முன் வைத்தார். அடர் சிவப்பு வட்டம், நடுவில் குறுக்கே வெள்ளைப் பட்டை.

"அக்கா, இப்போ அவங்க போடுறது இதுதான்."

"அது எந்த எழவோ எனக்குத் தெரியாது. மூடுடா."

மாமா குனிந்து அம்மாவின் காலைத் தொட்டார். அடையாளம் படத்தில் உள்ளபடியே சரியாக வந்ததற்காகத்தான் தொடுகிறார் என்று நினைத்தேன். என் நட்சத்திரத்தைக் கெடுத்தவளோடு அன்று ராத்திரி முழுவதும் நான் பேசவில்லை.

மறுநாள் விஜயதசமி. அப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார், நான் புத்தகங்களை எடுத்துக்கொண்டேன். அம்மா விமானத்தையும் படப்புத்தகத்தையும் கரியடுப்பில் வைத்து, மேலே உலை ஏற்றினாள்.