சுட்ட கருவாட்டு மணம்

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அது. என் கணவருக்கு வேலை இல்லை; வீட்டில் மூன்று வேளையும் வெறும் கஞ்சிதான். அது அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடக் கூடாதே! மிஞ்சியிருந்த ஒரே கருவாட்டுத் தலையைத் தின்னாமல் வைத்து, தினமும் மத்தியானம் அடுப்பில் வாட்டுவேன். மணம் தெரு முழுக்கப் போகும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"ஏளா, ஒங்க வீட்டு மணம் வந்ததுலருந்து எம்மவ வெறுங்கஞ்சிய குடிக்க மாட்டேங்கா. ஒரு துண்டு கருவாடு தா."

கரிந்துபோன தலையைக் காட்டினேன். "இது மட்டுந்தான்க்கா இருக்கு. மணத்துக்குத்தான் சுடுதேன்."

அக்கா திட்டவில்லை. "சரி ஏளா, அதயாவது குடு" என்று கிண்ணத்தை நீட்டினார்.

என் கௌரவத்துக்காக ஒரு பிள்ளையின் கஞ்சியைக் கெடுத்திருக்கிறேன். இன்றும் ஜன்னலைச் சாத்தாமல் நான் கருவாடு சுடுவதில்லை.