மஞ்சள் கண்ணாடிகள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் திருப்பூர், சூரத் என்று சுற்றிவிட்டு, ஓரிக்கைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வந்து ஒதுங்கினேன். அதுவரை எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. இங்கே மொட்டைமாடியில் சாய்த்து வைத்திருந்த பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டுக்குச் சாயம் தோய்த்து மிஞ்சிய தண்ணீர் அவற்றின்மேல் மெல்ல வழிந்து இறங்கும். தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்களைப் பூசியிருப்பதாகவும், அவை வெயிலை வாங்கிச் சாயத்தை உடைத்துவிடும் என்றும் சென்னையிலிருந்து வாராவாரம் வரும் ஆராய்ச்சி மாணவி சொன்னார். காலையில் சிவப்பாக ஏற்றிய தண்ணீர் மாலையில் வெளுத்து இறங்கியதை நானே பார்த்தேன். தினமும் தூசு தட்டுவது என் பொறுப்பு. படுக்க மாடிப்படிக்குக் கீழே இடம். இதை விட்டுவிடக் கூடாது என்று இருந்தேன்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பட்டறை முழுக்கக் கழுவல். செப்பு அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்த சாய மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"இன்னாப்பா, வெள்ளி வெள்ளின்னு சொல்லிக்கினு இருக்காங்க. காமாலை வந்தவன் கண்ணு மாதிரி இருக்குது?"

"வந்த அன்னிக்கே இப்படித்தான் இருந்துச்சு மேஸ்திரி."

"அப்ப உன்னை மாதிரியே குளிக்காம வந்திருக்குது. சோறு போடுற பொருளு, அழுக்கோடவா பூசையில வப்பே?"

வீட்டு வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பார்கள். நானும் ஈரத்துணியில் விபூதி தொட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சுலபமாக வந்துவிட்டது. பன்னிரண்டும் பளிச்சென்று ஆனதும் மூலைக்கு மூலை சந்தனம், குங்குமம் வைத்தேன். அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து மறுபடி தண்ணீர் விட்டபோது ஏற்றிய சிவப்பு அப்படியே இறங்கியது. மறுநாளும் அப்படித்தான். மாணவி வரும் நாள் காலையில் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்து எடுத்தேன்.

அவர் ஒரு தகட்டை வெயிலுக்கு நேரே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"அண்ணா, இதை யாராவது தேய்ச்சாங்களா?"

"இல்லம்மா. தூசு மட்டும்தான் தட்டினேன்."

"அந்த மஞ்சள்தாண்ணா வெள்ளி. அவ்வளவு பொடியா இருந்தா அப்படித்தான் தெரியும்."

முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். கீழே மேஸ்திரி அண்டாவில் பட்டு நூலை முக்கிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

மாணவி என்னை நம்பினார். இந்த ஊர்ச் சாயத் தண்ணீரில் வெள்ளிப் பூச்சு நிற்கவில்லை என்று தன் பேராசிரியரிடம் போனில் சொல்லி, நோட்டிலும் எழுதிக்கொண்டார். இரண்டு வருட உழைப்பு என்று சொல்லி நோட்டை மூடினார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். மாடிப்படிக்குக் கீழே என் பாய் சுருட்டி வைத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது.

பொய் சொல்லி நான் காப்பாற்றிக்கொண்ட வேலை பத்தொன்பது நாள் நீடித்தது. பிறகு சோதனையை நிறுத்திவிட்டார்கள்; சென்னையிலிருந்து வண்டி வந்தது. தகடுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி நானே ஏற்றினேன்.

"உங்க மேல தப்பில்லண்ணா. இந்த ஊர்த் தண்ணி அப்படி" என்றார் மாணவி.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் மேஸ்திரி சாயத் தண்ணீர் தேக்கியிருந்த தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினார். சிவப்புத் தண்ணீர் பழைய கால்வாயில் பாலாற்றுப் பக்கம் ஓடியது. நான் பாயை எடுக்கப் போனேன்.