மாஸ்டரின் கைப்பதம்

பேக்கரி மாஸ்டருக்குத் தன் கையைத் தவிர உலகத்தில் வேறெதன் மேலும் நம்பிக்கை கிடையாது. புது அடுப்பு வந்து இறங்கியபோது அதன் கதவில் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. முதலாளி அதைத் தட்டித் தட்டிப் பெருமையாகக் காட்டினார். மாஸ்டர் கதவைத் திறந்து, குனிந்து, கையை உள்ளே நீட்டி, ஒரு மூச்சு விடும் நேரம் வைத்திருந்தார். "முள்ளு பொய் சொல்லுது முதலாளி. இன்னும் கொஞ்சம் ஏறணும்" என்றார். ரொட்டியும் அவர் பேச்சைத்தான் கேட்டது. அதன்பிறகு அந்த முள்ளை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

அந்தக் கையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொதிக்கும் தட்டுகளைத் துணி பாதி, வெறுங்கை பாதியாக இழுத்து இழுத்து விரல் நுனிகள் வழுவழுவென்று மினுங்கிக் கிடந்தன. ரேகை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. விரலை வைக்கச் சொல்லும் இயந்திரங்கள் எதுவும் அவரை ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டதில்லை. வேறொருவராக இருந்தால் நொந்துபோயிருப்பார். மாஸ்டர் அதைப் பதக்கம் வாங்கியவர்போல எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்படிப்பட்ட கையில்தான் மகள் தன் கிளிக்குஞ்சை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

குஞ்சு அவள் தோழி வீட்டுக் கூண்டில் பிறந்தது. தாய்க்கிளி கண்டுகொள்ளாமல் விட்டதால் இவள் எடுத்து வந்து ஸ்பூனால் ஊட்டி வளர்த்தாள். வந்தபோது ரோமமில்லாத சதைத் துண்டாக இருந்தது, இப்போது உடம்பெல்லாம் பச்சை முளைத்து, பாதி இறகு இன்னும் உறையிலேயே குத்திக்கொண்டு நின்றது. பசித்தால் தலையை ஆட்டி ஆட்டி வீட்டையே இரண்டாக்கும். அதனால் பெயர் வாண்டு. வேலைப் பயிற்சிக்காக மகள் வெளியூர் போகவேண்டி வந்தது. அம்மாவிடம் விடலாமென்றால் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தாள். குஞ்சைப் பிடிக்க ஒரு கை, ஊட்ட ஒரு கை வேண்டும். மிச்சமிருந்தவர் அப்பாதான்.

"குஞ்சுத் தீனி மாவுல வெந்நீர் ஊத்திக் கலக்கணும். அப்புறம் இந்தத் தெர்மாமீட்டரை விட்டுப் பாக்கணும்ப்பா. நெயில் பாலிஷால கோடு போட்டிருக்கேன், அதைத் தாண்டவே கூடாது. கழுத்துக்குக் கீழ உருண்டையா இருக்குதில்ல, அதான் தீனிப்பை. சூடு ஜாஸ்தியானா அது வெந்துடும்."

மாஸ்டர் சிரித்தார். "இந்தாம்மா, உனக்குப் பால் ஆத்திக் கொடுத்த கை இது. குச்சியெல்லாம் உள்ள வை."

மனைவி இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சட்டையின் பொத்தானைப் போடுவதில் மும்முரமானாள்.

முதல் சில நாட்கள் ஒழுங்காகத்தான் போயின. மாஸ்டர் கலக்குவார், விரலை விட்டுப் பார்ப்பார், "பதமா இருக்கு" என்பார். சரியாக அந்த நேரம் பார்த்து மனைவிக்கு ஏதாவது வேலை முளைக்கும். "என்னங்க, ஜன்னலைச் சாத்துங்க, காத்தடிக்குது." "என்னங்க, குஞ்சுக்கு அடியில பழைய துணி விரிக்க வேணாமா?" "அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்." மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிட்டு வந்து ஊட்டுவார். வாண்டு தலையை ஆட்டிக்கொண்டு மொக்கும். பெண்டாட்டிக்கு நேரங்கெட்ட நேரத்தில் வேலை வைப்பதே வழக்கமாகிவிட்டது என்று மாஸ்டர் பேக்கரியில் சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் மாவுக்கட்டைக் காட்டிவிட்டு வர அவள் பக்கத்து வீட்டம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "நான் வந்தப்புறம் ஊட்டலாமே" என்றாள். "அதுக்குள்ள இது கத்திக் கத்தித் தெருவைக் கூட்டிடும். நீ போ" என்றார் மாஸ்டர்.

கலக்கினார். விரலை விட்டார். பதம். அன்றைக்கு ஜன்னலும் இல்லை, துணியும் இல்லை, டப்பாவும் இல்லை. நேராக ஊட்டினார். வாண்டு முதல் இரண்டு ஸ்பூனை அவசர அவசரமாக விழுங்கியது. மூன்றாவதில் தலையை உதறியது. மாவு மாஸ்டரின் பனியனில் தெறித்தது. பெட்டியின் மூலைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வயிறு நெறஞ்சிடுச்சா ராஜாவுக்கு?" என்று மாஸ்டர் ஸ்பூனைக் கழுவி வைத்தார்.

மாலையிலும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையும் அதேதான். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். மகள் போகும்போதே சொல்லியிருந்தாள், ஒருநாள் அதுவாகவே ஸ்பூனை வேண்டாம் என்னும், அப்போது வேகவைத்த சோளம், பட்டாணி என்று தானாகத் தின்னப் பழக்க வேண்டும் என்று. மாஸ்டர் உடனே போன் போட்டார்.

"வாண்டு ஸ்பூனை மறந்துட்டான்! உன் கையில இருந்தவரைக்கும் மறந்தானா? என் கைக்கு வந்ததும் மறந்துட்டான் பாரு!"

"இவ்வளவு சீக்கிரமாவா? சோளம் தின்னுதாப்பா?"

"தின்னுவான், தின்னுவான். அவசரப்படாத."

மனைவிக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் ஒட்டவில்லை. காலையிலிருந்து பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஸ்பூனை மறந்த குஞ்சு துள்ளாதா? இது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. இடது கையால் அதன் நெஞ்சு இறகை ஒதுக்கிப் பார்த்தாள். உள்ளே தோல் சிவந்து, நடுவில் ஈரமாகப் பளபளத்தது.

"என்னங்க, கிளம்புங்க. டாக்டர்கிட்ட போவோம்."

கால்நடை டாக்டர் கண்ணாடி போட்ட இளம்பெண். ஈரப் பஞ்சால் இறகை விலக்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். "தீனி சூடா போயிருக்கு. தீனிப்பை வெந்திருக்கு."

"இருக்காதும்மா. நான் தொட்டுப் பாத்துதான் கொடுத்தேன்."

"தொட்டுப் பாத்தீங்களா?"

"விரலை விட்டே பாத்தேன்."

டாக்டர் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. மருந்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "உள்ள எவ்வளவு வெந்திருக்குன்னு இப்ப தெரியாது. சில நாள் போனாத்தான் புண்ணு எல்லை கட்டும். ஓட்டை விழுந்தா தைச்சிடலாம். ஆனா அதுவரைக்கும் உடம்புல தெம்பு வேணும். நெஞ்செலும்பு இப்பவே துருத்திட்டு நிக்குது பாருங்க. பட்டினி கிடந்தா தைக்கறதுக்குக் குஞ்சு இருக்காது."

"வாயையே திறக்க மாட்டேங்குதே" என்றாள் மனைவி.

"ஸ்பூன்னா பயம் வந்திருக்கும். இந்த ஒரு வேளைக்கு மட்டும் நான் ட்யூப் வழியா கொடுத்து அனுப்பறேன். ஆனா தினம் தினம் வெந்த இடத்துல ட்யூப் விட முடியாது. தானா தின்னற வயசு நெருங்கிடுச்சு, அதைத்தான் பழக்கணும். முன்னால உட்கார்ந்து நீங்க தின்னுங்க. கிளி பாத்துப் பாத்துத்தான் கத்துக்கும். நாளைக்குள்ள ஏதாவது உள்ள போகணும்."

வரும் வழியெல்லாம் மாஸ்டர் பொருமிக்கொண்டே வந்தார். நேற்று படித்துவிட்டு வந்த பெண்ணுக்குச் சூட்டைப் பற்றி என்ன தெரியும்? வீட்டுக்குள் நுழைந்ததும் வெந்நீர் போட்டார், மாவைக் கலக்கினார், விரலை உள்ளே விட்டு அப்படியே வைத்துக்கொண்டார்.

"பாரு. வெதுவெதுன்னு இருக்கு. இதுவா வேக வைக்கும்?"

மனைவி தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கிண்ணத்தில் விட்டாள். மகள் போட்டிருந்த கோட்டில் பாதரசம் நிற்கக்கூட இல்லை, தாண்டி மேலே போயிற்று.

"இதுவும் பொய்தான் சொல்லும்" என்றார் மாஸ்டர். குரல் முன்புபோல் இல்லை.

அவள் தன் இடது கை ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தில் விட்டாள். "ஸ்..." என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனி சிவந்துவிட்டது. அதே கிண்ணத்தில்தான் மாஸ்டரின் விரல் இன்னும் சுகமாகக் கிடந்தது.

பேயறைந்தவர்போல அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியும்ங்க" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"உங்க கைக்குச் சூடு தெரியாதுன்னு."

"எப்பலேருந்து?"

"நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்பலேருந்து. நீங்க ஆத்திக் கொடுக்கற பாலை நான் அந்தப் பக்கம் கொண்டுபோய் இன்னொரு தடவை ஆத்துவேன். குளிக்கற தண்ணியை நீங்க பாத்துட்டுப் போனதும் ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்துவேன்."

"அப்ப அடுப்பு? அடுப்பைச் சரியா சொல்றேனே?"

"குனிஞ்சு பாக்கறீங்கல்ல, அதுல முகத்துல அடிக்குது. சொல்றது உங்க முகம்தான். நீங்கதான் கைன்னு நெனைச்சுட்டிருக்கீங்க."

மாஸ்டருக்கு முதலில் வந்தது கோபம்தான். ஜன்னலும் துணியும் டப்பாவும் இப்போது ஒவ்வொன்றாகப் புரிந்தன. இத்தனை வருஷமாகத் தன் பின்னாலேயே ஒருத்தி சொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். "ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த உசுரு இப்படிக் கிடக்குமா?"

"அந்தக் கையை வெச்சுத்தானே எல்லாரும் உங்களை மாஸ்டர்னு கூப்பிடறாங்க. எப்படிச் சொல்றது?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு வாசல்லேருந்து திரும்பி வந்தேனே, சொல்லிடணும்னுதான் வந்தேன். மனசு வரல. பாவம் என்னோடதும்தான்."

கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவருக்கு. அந்தப் போனில் என்னவெல்லாம் பீற்றிக்கொண்டார்!

"அவகிட்ட நான்தான் சூடா ஊட்டினேன்னு சொல்லிடறேன்" என்றாள் மனைவி.

"வேணாம். இதையும் நீ ஆத்த வேணாம்."

அவரே பேசினார். மென்று விழுங்காமல் சொன்னார். மகள், அழுகையை அடக்கிக்கொண்டு, "டாக்டர் சொன்னபடி அம்மாவைக் கொடுக்கச் சொல்லுங்க. நீங்க கொடுக்காதீங்கப்பா" என்றாள். "சரிம்மா" என்று வைத்துவிட்டார். கடிந்து நாலு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்று மாலை அம்மாதான் முயன்றாள். இடது கையில் சோளத்தை நீட்டினாள். ஆனால் வாண்டுக்கு அவளுடைய வெள்ளை மாவுக்கட்டைக் கண்டாலே மிரட்சி. கிட்டே போனால் பெட்டியின் சுவரில் ஏற முயன்று சரிந்து விழுந்தது. சேலைத் தலைப்பால் கட்டை மூடிப் பார்த்தாள். தலைப்பைக் கண்டு மிரண்டது. மாஸ்டர் சமையலறைக் கதவருகே நின்று எட்டி எட்டிப் பார்த்தார், உள்ளே வரவில்லை.

மறுநாள் வேலை முடிந்து அவர் வந்தபோது குஞ்சு கத்தவில்லை. பசித்த குஞ்சு கத்தாமலிருப்பதைவிடப் பயங்கரம் வேறெதுவும் இல்லை. கையில் எடுத்த மனைவி, "எலும்பு கத்தி மாதிரி இருக்குங்க" என்றாள். பெட்டியைத் தரையில் சாய்த்து வைத்தாள். வேகவைத்த சோளத்தைத் தட்டில் உதிர்த்து மாஸ்டர் முன்னால் தள்ளினாள்.

"உட்காருங்க. தின்னுங்க."

"அவ வேணாம்னு சொல்லியிருக்காளே."

"ஆறிப்போன சோளம். ஒவ்வொண்ணா நான் உதட்டுல வெச்சுப் பாத்துட்டேன். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நேத்துலேருந்து நீங்களும் பட்டினிதானே? தின்னுங்க."

மாஸ்டர் தின்றார். டாக்டர் சொன்னதற்காகச் சப்புக்கொட்டிச் சத்தமாக மென்றார். வாண்டு ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பெட்டியின் விளிம்புக்கு ஒரு எட்டு வைத்தது. அவர் ஆவலாகத் திரும்பியதும் விருட்டென்று பின்வாங்கிவிட்டது.

"பாக்காதீங்க. நீங்க பாத்தாத்தான் பயப்படுது. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நீட்டுங்க" என்றாள் மனைவி, உதடு அசையாமல்.

மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒரு சோளமணியை விரல் நுனியில் வைத்துப் பின்பக்கமாக நீட்டினார். சுவரில் ஒரு ஆணி. ஆணியைப் பார்த்தார். தோள் வலித்தது. எலும்பு கத்தி மாதிரி இருக்கிறது என்றாளே. இதுவும் ஆகவில்லையென்றால் அந்த டாக்டர் என்ன சொல்வாள், மகளிடம் என்ன சொல்வது? நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக்கூட அசையவில்லை. பின்னால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. போய்விட்டது, மூலைக்கே திரும்பிப் போய்விட்டது என்று அவருக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று.

"வரலையா?" என்றார், காற்றுக்குரலில்.

பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவருடைய விரல் நுனி காலியாக இருந்தது. வாண்டு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு காலில் சோளமணியைப் பிடித்துக்கொண்டு, தோலை உரித்து, உள்ளிருந்ததைச் சிறு கறுப்பு நாக்கால் புரட்டிப் புரட்டித் தின்றுகொண்டிருந்தது.

"எப்ப எடுத்துச்சு?"

"அப்பவே எடுத்துடுச்சுங்க. விரலைக் கவ்வி, நக்கி, எல்லாம் பாத்துட்டுத்தான் எடுத்துச்சு. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அலகு பட்டதும் தெரியவில்லை, நாக்கு பட்டதும் தெரியவில்லை. மாஸ்டர் அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு மணியை எடுத்து அதே விரல் நுனியில் வைத்து, மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எடுத்ததும் சொல்லு" என்றார்.

"சொல்றேங்க" என்றாள் அவள்.