கொட்டில் இல்லாத மாரி

மலையைக் கொளுத்தியவர் என் அப்பா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் யார் இந்தக் கதையை எடுத்தாலும் "அந்த வருஷம் மலையில நெருப்புப் பிடிச்சது" என்றுதான் தொடங்குவார்கள். காய்ச்சல் பிடிப்பதைப்போல, நெருப்பு தானாக வந்து பிடித்ததாம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது சுடும். வருஷங்கள் போய்விட்டன, கோபம் போகவில்லை.

மலை என்றால் மலைநாட்டு நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். சாம்பல்தீவுக்கு மேற்கே, எங்கள் வளவுக்குப் பின்னால், பாறையும் பற்றையுமாக எழுந்து நிற்கும் ஒரு மேடுதான். உச்சிக்கு ஏறினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் நெருப்புப்பெட்டி அளவில் தெரியும். சரிவெல்லாம் இலுக்குப்புல். மறுபக்கத்தில், பெரிய பாறைக்கு அடியில், பாலையும் வீரையும் நெருங்கி வளர்ந்த ஒரு துண்டுக் காடு. மாரியில் கடலிலிருந்து அடிக்கிற வாடைக்காற்று அந்தப் பாறையில் மோதி மேலே போய்விடும். காட்டுக்குள் நின்றால் மழை சொட்டுமே தவிர குளிராது.

அந்தக் காடுதான் மாமியின் மாடுகளுக்கு மாரிக்கால வீடு. மாமி அப்பாவின் தங்கை. கலியாணம் செய்யவில்லை. எங்களுக்கு அடுத்த வளவில் ஒரு அறையும் குசினியும் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். பத்தொன்பது மாடுகள். காலையில் பாலைச் சைக்கிளில் கட்டி றோட்டடிக்குக் கொண்டுபோய் வாகனத்துக்குக் கொடுத்துவிட்டு வந்து, பட்டியைத் திறந்து மலைக்கு விடுவார். மாடுகளுக்கு அவர் வைத்த பெயர்கள் வேறு எந்த வீட்டிலும் இருக்காது. ஒரு சிவப்புப் பசுவுக்குக் 'கொண்டக்டர்' என்று பெயர். பஸ்ஸில் ஆள் ஏற்றுவதுபோல மற்ற மாடுகளையெல்லாம் தள்ளிப் பட்டிக்குள் ஏற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அது ஏறும். கன்றுகளுக்கென்று மலையடியில் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலும் இருந்தது.

அப்பா மேசன் வேலைக்காரர். நல்ல கை. அவர் கட்டிய சுவரில் நூல் பிடித்துப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். கெட்டிக்காரக் கைகள் உள்ளவர்களுக்குத் தங்கள் புத்தியும் அப்படித்தான் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த வருஷம் அவருக்கு வேலை குறைவு. சரிவில் ஒரு துண்டில் புல்லை அழித்துச் சேனையாக்கிச் சோளமும் பயறும் போடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. இலுக்கை வெட்டினால் பத்து நாள் முதுகு ஒடியும். கொளுத்தினால் ஒரு காலைப்பொழுது.

புரட்டாதி மாதம். ஐந்து மாதமாக மழையில்லை. கச்சான் காற்று வீசி வீசிப் புல்லெல்லாம் கடதாசிபோலச் சரசரத்தது. நடந்தால் காலில் கீறும். மாமி எங்கள் முற்றத்துக்கு வந்து நின்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணை, கச்சான் அடங்கட்டும். ஒரு மழை விழட்டும். பிறகு கொளுத்துங்கோ. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை."

"மழை விழுந்தா ஈரம். ஈரப்புல்லை ஆர் கொளுத்துறது? நீ கொளுத்துவியோ?" என்று அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவின் பகிடிகளுக்கு நான் உடனே சிரித்துவிடுவேன். மாமி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, விடியும்போதே அப்பா மலைக்குப் போய்விட்டார். அம்மா தேத்தண்ணிப் போத்தலைத் தந்து என்னை அனுப்பினார். எனக்கு அப்போது பதினொரு வயது. நான் போனபோது நெருப்பு பாய் அகலத்துக்கு, பணிவாக எரிந்துகொண்டிருந்தது. அப்பா கையில் ஒரு பச்சைக் கொப்பு. பக்கத்தில் அரை வாளித் தண்ணீர். ஒரு மலைக்கு அரை வாளித் தண்ணீர். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

"காத்தே இல்லைப் பார். உன்ர மாமிக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார்.

தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் கச்சான் எழும்பிவிட்டது. முதலில் என் தலைமுடி பறந்தது. பிறகு நெருப்பு நிமிர்ந்தது. தகரக் கூரையில் பெருமழை விழுவதுபோல ஒரு சத்தம். பாய் அகல நெருப்பு வளவு அகலமாயிற்று, அப்புறம் அதற்கு அகலமே இல்லை. அப்பா கொப்பால் அடித்தார். அடித்த இடத்திலிருந்து பொறி பறந்து வேறு இடத்தில் பற்றியது. வாளியைத் தூக்கி வீசினார், தண்ணீர் நெருப்புக்குக் கிட்டப் போகவேயில்லை. அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஓடு. கொம்மாவிட்டப் போ. ஆரிட்டயும் ஒண்டும் சொல்லாதை."

நான் ஓடினேன். கீழே மாமி பட்டி வாசலைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாடுகளை றோட்டுக்குத் துரத்திக்கொண்டிருந்தார். தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, செருப்பில்லாமல், இரண்டு கன்றுகளைக் கயிற்றில் இழுத்தபடி. றோட்டைத் தாண்டி, கடற்கரை மணல்வரை ஓட்டிப்போனார். பத்தொன்பதும் தப்பின. கொட்டில் ஒரு கைப்பிடிச் சாம்பலாயிற்று. நெருப்பு உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கி, அந்தத் துண்டுக் காட்டைத் தின்றது. பட்டணத்திலிருந்து வந்த தண்ணீர் வண்டி றோட்டில் நின்று பார்த்தது. அதற்குமேல் ஏறப் பாதையில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால் நெருப்பு நின்றது.

அதற்குப் பிறகு ஊர் ஒரு காரணம் தேடியது. மாமி பொழுதுபட்டால் நுளம்பு விரட்டப் பட்டியில் வேப்பிலையும் வறட்டியும் போட்டுப் புகை மூட்டுவார். அந்தத் தணல்தான் பறந்திருக்கும் என்று கடையில் யாரோ சொன்னார்கள். மறுநாள் எல்லோரும் சொன்னார்கள். அப்பா பொய் சொல்லவில்லை, அதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் சொன்ன பொய்க்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட ஆத்திரம் மாமிமேல். அவரும் வாய் திறக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் முகத்துக்கு நேரே குத்திக் கதைத்தபோதும் வாளியைத் தூக்கிக்கொண்டு பேசாமல் வந்தார். இவருக்கு ரோசமே இல்லையா என்று நினைத்தேன். இதற்கிடையில் அப்பா மலையடியில் கயிறு பிடித்து அளந்து, அத்திவாரம் வெட்டி, புதுக் கொட்டில் கட்டத் தொடங்கியிருந்தார். வாடைப்பக்கம் கல்லுச்சுவர், மேலே தகரம், பத்தொன்பது மாடும் நிற்கக்கூடிய நீளம். குற்ற உணர்ச்சி என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். செய்த பிழையைச் சொல்லத் தைரியமில்லாதவர் கல்லை அடுக்கி மறைக்கப் பார்க்கிறார்.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது விசாரணைக்கு இரண்டு உத்தியோகத்தர்கள் கிராம சேவகருடன் வந்தார்கள். அம்மா வீட்டுக் கதிரைகளை முற்றத்தில் போட்டார். அப்பா தூணோடு நின்றார். நான் வாசற்படியில் இருந்தேன்.

"அம்மா, உங்கட பட்டியில போட்ட புகையாலதானே நெருப்புப் பத்தினது?" என்று அவர்களில் மூத்தவர் மாமியிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"இருக்கும் ஐயா" என்றார் மாமி.

நான் துள்ளி எழும்பினேன். "பொய். அப்பாதான் கொளுத்தினவர். நான் கண்டனான். தேத்தண்ணி கொண்டு போனனான்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். அவரிடம் கேட்டார்கள். ஓம் என்றார். பின்னேரம் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். வாகனம் ஒழுங்கை முடக்கில் திரும்பியதும் மாமி என்னிடம் வந்தார். எனக்குள் ஒரு பெருமை இருந்தது, ஒளிக்கமாட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தில் ஓங்கி அடித்தார்.

"ஆரடி உன்னைக் கேட்டது? ஆர் கேட்டது?"

அம்மா தடுக்கவில்லை.

அப்பாவை மறியலில், சிறைக்குள் வைத்திருந்தார்கள். கோட்டில் தவணைக்குத் தவணை இன்னும் இரண்டு கிழமை, இன்னும் இரண்டு கிழமை என்று தள்ளிப்போயிற்று. ஐப்பசியில் வேறு மேசன்மாரைக் கேட்டால், மாரிக்கு முன்னம் பிடித்த வேலைகளே முடியவில்லை என்றார்கள். சுவர் முழங்காலிலேயே நின்றது. மழை தொடங்கியது. கரிந்த மலையில் அங்கங்கே பச்சை முளைத்தது, ஆனால் பத்தொன்பது வயிற்றுக்கு அது போதாது. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

கார்த்திகைக் கடைசியில் கடலில் எங்கோ ஒரு புயல் சுழல்கிறது என்றார்கள். அது எங்கள்மேல் வரவில்லை. அதன் குளிர் வந்தது. அப்படிக் குளிர் எங்கள் பக்கத்தில் யாரும் கண்டதில்லை. மத்தியானத்தில் வாயால் புகை வந்தது. மூன்று நாள் சூரியன் இல்லை. சாரலும் வாடையும் ஒன்றாக, நிறுத்தாமல். நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருந்தேன். இங்கே உறையவில்லை. மாடுகள் சாவதற்கு உறையவேண்டிய அவசியமும் இல்லை.

அவற்றுக்கு ஒதுங்க இடமில்லை. பழக்கத்தில் மலையின் மறுபக்கம் போய், கரிந்த கட்டைகளுக்கு நடுவில், காடு இருந்த இடத்தில் நின்றன. மாமி அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து முழங்கால் சுவருக்குப் பின்னால் நிறுத்தினார். சாக்கு, பழைய சேலை, படுக்கிற பாய் எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போர்த்தினார். காற்று எடுத்துக்கொண்டு போயிற்று. இரண்டாம் நாள் காலையில் அப்பா பிணையில் வந்தார். பஸ்ஸால் இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. நேரே மலையடிக்குப் போய் மாமியோடு சேர்ந்து கம்பு நட்டுக் கூரையாகப் படங்குச் சீலை கட்டினார். நான் கயிறு கொண்டு போனேன். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை வாங்கிக் கட்டினார்கள். படங்கு ஒரு மணித்தியாலம்கூட நிற்கவில்லை. நடுவில் பிய்ந்து, கொடிபோல அடித்துக்கொண்டது.

மாடு குளிரில் சாகும்போது கத்தாது. முன்னங்கால் மடியும், பிறகு பின்னங்கால். தாடையை நிலத்தில் வைக்கும். கொண்டக்டர் கடைசிவரை காற்றுப் பக்கம்தான் நின்றது. மாமி அதன் காதுகளை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எழும்பு மகள், எழும்பு" என்றார். மூன்றாம் நாள் விடிய எண்ணிப்பார்த்தபோது பன்னிரண்டு கிடந்தன. பெக்கோ இயந்திரம் வந்து சுவருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியது. ஊரார் வந்து உச்சுக்கொட்டினார்கள். ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். அப்பா அதைப் பறித்துக் குழிக்குள் எறியப் போய், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் போனபிறகு நான் மாமியிடம் கேட்டேன். "நான் பொய்யா சொன்னனான், மாமி?"

"இல்லைப் பிள்ளை. நீ சொன்னது உண்மைதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். களைத்துப்போன குரல். அந்தக் குரலுக்கும் நான் கோபப்பட்டேன்.

என் கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அம்மா சாதாரணமாகச் சொன்னார். நெருப்பு நின்ற அன்று பின்னேரம் மாமி அப்பாவிடம் வந்தாராம். "பழி என்ர தலையில கிடக்கட்டும் அண்ணை. நீங்க உள்ளுக்குப் போனா எனக்கு ஆர் கட்டித் தாறது? மாரிக்கு முன்னம் கொட்டிலைக் கட்டித் தாங்கோ." அப்பா சம்மதித்தார். தங்கையின் பெயரை ஒரு சுவருக்கு விலையாக வாங்க அவருக்கு வெட்கமில்லை.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கத்தினேன்.

"நீ சின்னப்பிள்ளை" என்றார் அம்மா. எனக்குக் கத்தியைத் தூக்கி எறியவேண்டும் போலிருந்தது. தேத்தண்ணி கொண்டுபோகவும் சாட்சியாகவும் வயது போதும். ஏன் என்று தெரிந்துகொள்ள மட்டும் வயது போதாது.

ஆனால் அவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் திட்டி முடித்தபிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. அப்பாவைக் கொண்டுபோனதற்கும் குளிர் வந்ததற்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் யன்னலடியில் இருப்பேன். அங்கிருந்து மலையடி தெரியும். மாமி தனியாகக் கல் சுமந்துகொண்டிருப்பார். சேற்றைக் குழைத்து அடுக்குவார். இரண்டு வரி ஏறும், மறுநாள் மழையில் சரியும். மறுபடி அடுக்குவார். ஒருதரம் நிமிர்ந்து எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தார். நான் யன்னலைச் சாத்தினேன். அடித்தவர் அவர், அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு போய்க் கல்லுத் தூக்கிக் கொடுக்கலாம் என்று இருந்தேன். மாரியின் வாடை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும்தான் வருகிறது. அது யாருக்காகவும் காத்திருக்காது என்பதுதான் தெரியவில்லை.