பெரியம்மாவின் மரச்சீப்பு

பல் பாதி உடைந்த மரச்சீப்பு அது. விடியும் முன், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்பு அடித்ததும் அம்மா எழுந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்குப் போவார். அங்கே என் பெரியம்மா, அம்மாவின் அக்கா, கண்ணைத் திறந்தபடியே படுத்திருப்பார். அவரை எழுப்பி உட்காரவைத்து, அந்தச் சீப்பால் தலை வாரிக் கொண்டை போட்டு, ரப்பர் பால் வாளியைக் கையில் கொடுத்து, பேர் கூப்பிடும் களத்துக்கு நடத்திப் போக வேண்டும். தினமும் இதே பாடு.

மலாயாவில் மஸ்ஜித் தானா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். பெரியப்பா செத்த வருஷமே பெரியம்மாவின் கைக்குழந்தையும் காய்ச்சலில் போய்விட்டது. புதைத்த மறுநாளே அவர் பால் எடுக்க மரப்பட்டை வெட்டப் போனார். கல்நெஞ்சுக்காரி என்றது லயம். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது! அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அணைந்தார். சிரிப்பு நின்று, சாப்பாடு குறைந்து, கடைசியில் பேச்சும் நின்றது.

அது ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். வேலைக்கு ஆகாதவர்களைத் தோட்டத்துத் துரை கப்பலேற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஊரில் பெரியம்மாவுக்கு நாதியில்லை. நாங்களும் குழந்தையின் குழியும் இங்கேதான். அதனால் லயத்துப் பெண்கள் அவர் நிலையை மறைத்தார்கள். கணக்கெழுதும் கிராணி அவர் பேரைக் கூப்பிட்டால் பின்னால் நிற்பவள் "இருக்கேங்கய்யா" என்று குரல் கொடுப்பாள். அவர் பாதியில் விட்ட மரங்களை அம்மா ஓடி ஓடி வெட்டி முடிப்பார். "நீ சும்மா நின்னா போதும்க்கா, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்பார்.

குழந்தையின் தொட்டில் சேலையை மட்டும் பெரியம்மா விடமாட்டார். அதைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பார். குழந்தை அந்தச் சேலையில் இருந்துகொண்டுதான் தாயைப் பிடித்திருக்கிறது என்றார் கோயில் பூசாரி. அம்மாவும் நம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைக் குளிக்க அனுப்பிவிட்டு, அம்மாவும் லயத்துப் பெண்களும் கோயிலுக்குப் பின்னால் சேலையை எரித்தார்கள். கற்பூரம் காட்டி, கும்பிட்டு, அழுதுகொண்டேதான் எரித்தார்கள். திரும்பி வந்த பெரியம்மா பாயைப் புரட்டினார், பானைகளை நகர்த்திப் பார்த்தார்.

மறுநாள் அம்மா தலை வாரிவிட, களத்துக்கு வந்தார். கிராணி அவர் பேரைக் கூப்பிட்டார். பின்னால் நின்றவள் வாய் திறப்பதற்குள் பெரியம்மாவே பேசினார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, தெளிவான குரலில்.

"அவ இல்லீங்கய்யா. அந்தப் பேர அடிச்சிருங்க."

கிராணி அடித்துவிட்டார். சீக்கிரமே கப்பலும் வந்தது. அம்மா தன் அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினார். பெரியம்மா முகம் அசையவில்லை. அவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. சீப்பு மட்டும் பாய்க்கடியில் கிடந்தது.

இப்போது மலாக்காவில் என் மகள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் இதற்கு ஒரு பேர் சொல்கிறார், மருந்து தருகிறார். துக்கத்துக்கு வந்தவர்கள் குழந்தைத் துணிகளை அப்புறப்படுத்தச் சொன்னார்கள். "யாராவது தொட்டீங்க, பாத்துக்கோங்க!" என்று கத்திவிட்டேன். காலையில் அவள் பின்னால் உட்கார்ந்து இந்தச் சீப்பால்தான் தலை வாருகிறேன்.

"இருக்கியாம்மா?" என்று கேட்கிறேன்.

பதில் வருவதில்லை. அவளுக்காக நான் சொல்வதுமில்லை. சீப்பை மறுபடி உச்சியில் வைத்து வாருகிறேன்.