ஐந்தாவது ரொட்டி

தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், நாங்கள் ஐந்து பிள்ளைகள், நான் மூத்தவன். அம்மாவும் அப்பாவும் இருட்டோடு பெரட்டுக்குப் போவார்கள். அங்கே கங்காணி ஆள் கணக்கு எடுத்ததும் அப்படியே மலைக்கு ஏறிவிடுவார்கள். "பெரியவன் இருக்கான், பாத்துக்குவான்" என்று அம்மா பக்கத்துக் காம்பராவில் சொல்லிவிட்டுப் போவார். ரொட்டியைப் பிய்த்து நான்கு பேருக்கும் கொடுப்பேன். மிஞ்சினால் எனக்கு. மிஞ்சாவிட்டாலும் அம்மாவிடம் சொன்னதில்லை. சொன்னால் நால்வரில் ஒருவருக்கு அடி விழும்.

படித்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியரானேன். ராகலையில் பெண் எடுத்தேன். அவளும் வீட்டுக்கு மூத்தவள். பொறுப்பான பெண் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

இரவுக்கு ஐந்து ரொட்டி சுடுவாள். ஆளுக்கு இரண்டு போக ஐந்தாவது தட்டிலேயே கிடக்கும்.

"நீங்க எடுங்க."

"எனக்குப் போதும், நீ எடு."

விடிந்ததும் அது கோழிக்குப் போகும். "நம்ம வீட்ல கோழிதாங்க கடைக்குட்டி" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு வருடம்கூட நிற்கவில்லை. மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அவளிடம் சொல்லாமல் பள்ளிக்குப் போய் வகுப்பிலேயே விழுந்தேன். நான்கு பேர் தூக்கி வந்தார்கள்; நால்வருக்கும் தொல்லை கொடுத்துவிட்டோமே என்பதுதான் என் கவலை. அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நான் அதை எடுத்து வைத்துவிட்டு, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நான் என்ன ஒங்க தங்கச்சியா?" என்றாள். "தல வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பொண்டாட்டின்னு நான் எதுக்கு இருக்கேன்?"

வலிக்கவில்லை என்றேன்.

எனக்குக் காய்ச்சல் விட்டதும் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரம் என்றவள் இரண்டு மாதமாகியும் வரவில்லை. அழைத்துவர நானே பஸ் ஏறினேன். நீ இல்லாமல் முடியவில்லை என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

பீலியில் கொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் இல்லாம கஷ்டமா இருக்குங்களா?"

ஆமாம் என்றால் குடத்தை வைத்துவிட்டு வந்திருப்பாள். அது எனக்குத் தெரியும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் சமாளிச்சுக்குறேன். நீ ஒடம்பப் பாத்துக்க."

குடம் நிரம்பி வழிந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லி அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

பிறகு அவள் வரவில்லை, நானும் போகவில்லை. அவள் கேட்டதற்கான பதிலை இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க ஆளில்லாத வீட்டில் அது சரியாகத்தான் வருகிறது.