முந்தானைக்குள் இருந்த கை

என் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே ஆறு வருடம் நடந்தவள் நான். கடைக்குப் போனாலும், பஸ் ஏறினாலும், ஆராதனையில் மண்டியிட்டாலும் அது உள்ளேதான் இருக்கும். அந்தக் கையை வைத்தே ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல என் மகள் பேச்சி இதை எழுதுகிறாள். எனக்கு எழுத வருவது என் பெயர் மட்டும்தான். அந்தப் பெயரால் வந்த வினையும் இதில் உண்டு.

அப்போது என் பெயர் இருளாயி. கல்யாணமாகி மூன்றாம் வருடமே வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையோடு அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டை பிரிக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். கூலியில் இன்சூரன்ஸுக்கென்று கொஞ்சம் பிடிப்பார்கள். "எங்காச எதுக்குப் பிடிக்கீக?" என்று மேஸ்திரியிடம் சண்டைக்கு நிற்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

1966-ஆம் வருடம், வெயில் காலம். ரோலரில் பஞ்சு அடைத்துக்கொண்டது. எப்போதும் போல எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன். அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தது மதுரை ஆசுபத்திரியில். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அடியோடு போய்விட்டன. நடுவிரலில் பாதி மிச்சம்.

பேச்சிக்கு அப்போது நாலு வயது. மல்லாங்கிணற்றில் இருக்கும் என் அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு போனாள். கட்டுப் பிரித்து ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பிள்ளையைப் பார்க்கத்தான் ஓடினேன். தூக்குவதற்கு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் வீறிட்டு அழுதாள்.

"அந்தக் கையி வேணாம், அந்தக் கையி வேணாம்" என்று அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு முந்தானைக்குள் போன கைதான். ஒற்றைக் கையால் எந்த மில்லில் வேலை செய்வது? அவித்த பயறும் கடலையும் கூடையில் வைத்து மில் வாசலில் விற்றேன். அது என் ஒரு வயிற்றுக்கே காணாது. பிள்ளையை எப்படிக் கூட்டிவருவது? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றுக்குப் போவேன். அக்கா அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் தனியாகப் பஸ் ஏறுவேன். வழியில் எந்த வீட்டு வாசலிலாவது ஒரு பிள்ளை நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆசுபத்திரியில் கிடந்தபோது என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆயா தினமும் ஜெபித்துவிட்டுப் போவார். எனக்கு ஜெபம் தெரியாது. அவர் சொன்னதில் ஒன்று மட்டும் மனதில் நின்றது. என்ன வேண்டுமோ அதை வெளிப்படையாகக் கேள் என்றார். நானும் கேட்டேன். "சாமி, நீ யாருன்னு எனக்குத் தெரியாது. எம் பிள்ளை ராத்திரி எங்கூடப் படுக்கணும்." தினமும் இதே ஜெபம்தான்.

1968-இல் அந்த இன்சூரன்ஸ் பணம் வர ஆரம்பித்தது. விரல் போனதற்காக, உயிருள்ளவரை மாதா மாதம் வரும் என்றார்கள். எந்தப் பிடித்தத்துக்காகச் சண்டை போட்டேனோ, அதே பிடித்தம் எனக்குச் சோறு போட வந்தது. முதல் மணியார்டரை வாங்கிய கையோடு மல்லாங்கிணற்றுக்குப் பஸ் ஏறினேன். பேச்சி என்னோடு வந்தாள். பாளையம்பட்டியில் ஒரு குச்சு வீடு பிடித்தோம். ராத்திரி அவள் இடது பக்கம் படுப்பாள். வலது கையைத் துணிக்குள் சுற்றிவைத்துக்கொண்டுதான் நான் தூங்குவேன்.

இந்தப் பணத்துக்கு ஒரு முறை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருதரம், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு பாரம் நிரப்பி அனுப்ப வேண்டும். கிராம முன்சீப் கையெழுத்துப் போடுவார். நான் இடது பெருவிரலில் மை தடவி உருட்டுவேன். "செத்தா நானே வந்து சொல்லிட்டுப் போறேன்யா" என்று அவரைச் சிரிக்கவைப்பேன்.

கேட்டதைக் கொடுத்த சாமி யாரென்று அறிய, பிள்ளையோடு சபைக்குப் போக ஆரம்பித்தேன். 1971-இல் நான் ஞானஸ்நானம் பெற்றேன். கிருபையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். போதகரின் மனைவி சிலேட்டில் என் இடது கையைப் பிடித்து அந்தப் பெயரை எழுதப் பழக்கினார்கள். மூன்று மாதம் பழகினேன். எழுதி முடித்த அன்றைக்கு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். இருளாயி செத்துப்போனாள், இனி நான் கிருபை என்று ஒரே பெருமை.

அந்தப் பெருமையில்தான் தப்பு நடந்தது. அந்தத் தடவை முன்சீப்பிடம் போகவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரிடம் போனேன். அவருக்கு என்னைக் கிருபையம்மாளாகத்தான் தெரியும். பெயர் கேட்டார், சொன்னேன். மைப்பெட்டியை நீட்டினார். "எனக்குக் கையெழுத்துத் தெரியும் ஐயா" என்று ஜம்பமாகப் போட்டுக் கொடுத்தேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அனுப்ப வேண்டிய பாரத்தில், இருளாயி என்ற பேச்சே இல்லை!

அடுத்த மாதம் மணியார்டர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. தபால்காரர் எங்கள் வாசல் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார். மூன்றாம் மாதம் அக்கா வந்தாள்.

"நான் என்ன புள்ளைய அடிச்சா வளத்தேன்? லீவு விட்டதும் கூட்டிட்டுப் போறேன். ஒனக்குப் பணம் வந்தா அப்பப் பாத்துக்கிருவோம்" என்றாள்.

அவள் சொன்னதில் குற்றமில்லை. பேச்சி பாதி வயிறோடு பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஆனால் இன்னொரு தரம் அந்தப் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டு உயிரோடு இருப்பேனா? மண்டியிட்டேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. "உம்ம பேர வச்சதுக்கா இந்தத் தண்டனை?" என்று சண்டைதான் போட்டேன். சபையார் ஒரு வெள்ளிக்கிழமை எனக்காக உபவாசம் இருந்தார்கள். நான் தனியாக உபவாசம் இருக்க வேண்டியிருக்கவில்லை, வீட்டில் தினமும் அதுதான்.

பள்ளிக்கூடம் மூட ஒரு வாரம் இருக்கும்போது விருதுநகர் இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஞானஸ்நானத்தில் என் பெயர் மாறியதை எழுதி, போதகர் ஒரு கடிதம் கொடுத்தார். பேச்சி படித்துச் சொல்வாள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாலவனத்தம் தாண்டும்வரை ஜெபம் பண்ணினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, எம் மக முன்னால எங்கையக் காட்டச் சொல்லிறக் கூடாது." இவ்வளவு கஷ்டத்திலும் அதுதான் என் பயம்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, வயதானவர். போதகரின் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"பழைய தாள்ல இருளாயி, கைநாட்டு. புதுத்தாள்ல கிருபையம்மாள், கையெழுத்து. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படிம்மா நம்புறது?" என்றார்.

அவர் பழைய கட்டைப் பிரித்து டாக்டர்கள் எழுதியதைத் தேடி எடுத்தார். எந்த விரல், எந்தக் கணுவரை என்று எல்லாம் அதில் இருந்தது.

"வலது கையக் காட்டுங்கம்மா."

பேச்சி என் பக்கத்திலேயே நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு முந்தானையை விலக்கி, கையை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் தாளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். என் இடது பெருவிரலையும் உருட்டி, பழைய ரேகையோடு ஒத்துப் பார்த்தார்.

"இந்தக் கைக்கு வேற சாட்சி வேணாம்மா. நீங்கதான்" என்றார். பேனாவை எடுத்து, இருளாயி என்ற கிருபையம்மாள் என்று எழுதினார். இனிமேல் அப்படியே போடச் சொன்னார். நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வந்துவிடும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கையை மறுபடி மூடிக்கொண்டேன். பேச்சி ஜன்னல் பக்கம், என் வலது புறம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்.

"இன்னும் வலிக்குதாம்மா?"

"இப்ப வலி எங்க இருக்கு? அதெல்லாம் போச்சு."

"பெறகு எதுக்கு மூடியே வச்சிருக்க?"

"நீதானடி பயந்த. அந்தக் கையி வேணாம்னு அழுத."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நானா? எப்ப?"

அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆறு வருடமாக நான் சுமந்துகொண்டு திரிந்தது அவளிடம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை! முந்தானையை அவளே விலக்கி, மிச்சமிருந்த இரண்டரை விரலையும் பிடித்துக்கொண்டாள். பாளையம்பட்டி வரும்வரை விடவில்லை. பஸ் என்றும் பாராமல் நான் வாய்விட்டு அழுதேன்.

இருளாயி செத்துப்போனாள் என்று நான் சொல்லித் திரிந்தேன். ஆண்டவர் அவளைச் சாகவிடவில்லை. மில்லில் விரலைக் கொடுத்த இருளாயிதான் கிருபையம்மாளுக்குச் சோறு போடுகிறாள். காட்டவேண்டாம் என்று நான் ஜெபித்ததை அவர் தள்ளினார். என் பிள்ளை என்னோடு இருக்கவேண்டும் என்பதைக் கேட்டார். சிலுவையில் ஆணி அறையப்பட்ட அவருக்கும் கையில்தானே காயம்! நான் ஏன் வெட்கப்பட்டேன்?

நாலு வருடம் ஆயிற்று, பணம் தவறாமல் வருகிறது. பேச்சி பெரிய வகுப்புப் படிக்கிறாள். அக்கா லீவுக்கு வந்து தலை பின்னிவிட்டுப் போகிறாள். இப்போது நான் இரண்டு கையையும் தூக்கித்தான் ஜெபிக்கிறேன். இதைப் படிக்கிற உங்களிடமும் மூடிவைத்த ஒன்று இருக்கும். அவருக்கு முன்னால் அதைத் திறந்துவிட்டுக் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவர் கேட்பார், எனக்குத் தெரியும்.

எழுதி முடித்துவிட்டாள். கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறாள். இடது கையால் இரண்டு பெயரையும் எழுதப் போகிறேன். தாள் காற்றில் பறக்காமல் வலது கை பிடித்துக்கொண்டிருக்கிறது.

இருளாயி என்ற கிருபையம்மாள்